வெறும் வயிற்று ரத்தம்

கார்பன் நானோ துகள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. அதென்ன என்பார்கள். கரியைப் பொடியாக்கி, அந்தப் பொடியை இன்னும் பொடியாக்கி, கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கொண்டுபோனால் கிடைப்பது என்பேன். கண்ணுக்குத் தெரியாததை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக அங்கே என்ன செய்கிறாய் என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் மழைக்கோ என் கல்யாணத்துக்கோ தாவியிருப்பார்.

நீங்களாவது பொறுமையாகக் கேளுங்கள். வண்டிப் புகையிலும் அடுப்புப் புகையிலும் இந்தத் துகள்கள் உண்டு. மூச்சோடு உள்ளே போகின்றன. இவற்றின் மேலேயே மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்பலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் போனாலும் சரி, ரத்தத்துக்குள் நுழைந்ததும் அங்கே மிதக்கிற புரதங்கள் வந்து துகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. கல்யாண வீட்டில் பெண் வந்து இறங்கியதும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொள்வார்களே, அப்புறம் பெண் எங்கே தெரிகிறாள், சுற்றி நிற்கிற கூட்டம்தானே தெரிகிறது. உடம்புக்கும் அப்படித்தான். அது கரியைப் பார்ப்பதில்லை, மேலே போர்த்தியிருக்கிற புரதப் போர்வையைத்தான் பார்க்கிறது. பார்த்து, இதை உள்ளே விடலாமா, விரட்ட வேண்டுமா என்று முடிவு செய்கிறது. அந்தப் போர்வையில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அப்போது என் வேலை.

என் கைடு சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னிடம் தமிழில் பேசுவார். என் மேல் கோபம் வந்தால் மட்டும் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் பேசுவார். என்னைத்தான் திட்டுகிறார் என்பது தெரியும். என்ன திட்டு என்பது தெரியாது. மற்றபடி நல்ல மனிதர். அவருக்கு அடுத்து வரவிருந்த மே மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் என் கட்டுரையை ஏதாவது ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதை வைத்து நான் தீஸிஸ் கொடுத்துவிட வேண்டும். தவறினால் என்னை வேறு கைடிடம் மாற்றிவிடுவார்கள். துறையில் மிச்சம் இருந்தவரோ சாயப்பட்டறைக் கழிவுநீரில் ஆராய்ச்சி செய்பவர். அவரிடம் போனால் கரியும் இல்லை, புரதமும் இல்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அப்போதே முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை விலைக்கு வாங்கிய பிளாஸ்மாவில்தான் சோதனை செய்துகொண்டிருந்தேன். ரத்தத்தில் அணுக்களை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. புரதங்கள் அதில்தான் இருக்கின்றன. அது போதாது, ஆரோக்கியமான ஆட்களிடமிருந்து புதிதாக எடுத்த ரத்தம் வேண்டும், அதுவும் இரவெல்லாம் பட்டினி கிடந்து காலையில் வெறும் வயிற்றோடு வந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்றார் கைடு. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் என்னென்னவோ மாறும், அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஆள் பிடிக்க அலைந்தேன். நான் தங்கியிருந்த சிம்மக்கல் விடுதிப் பெண்கள் ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனார்கள். கல்லூரிப் பையன்கள் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை, ஒருத்தரும் சொல்லவில்லை.

போனில் அம்மாவிடம் புலம்பினேன்.

"ரத்தம்தானடி? அதுக்கா இம்புட்டு அழுக? நம்ம சனம் எதுக்கு இருக்கு? எத்தன பேரு வேணும்னு மட்டும் சொல்லு, வேன் பிடிச்சுக் கூட்டியாரேன்."

அப்படித்தான் எங்கள் சொந்தக்காரர்கள் என் ஆராய்ச்சிக்குள் வந்தார்கள். மாமா, அத்தைகள், பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள். ஆள் குறைகிறது என்று தெரிந்ததும் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். கல்லூரியில் முறையாக அனுமதி வாங்கினேன். ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது, காலையில் காப்பித் தண்ணி கூடக் கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம். எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி, "சரி தாயி, நீ சொன்னாச் சரி" என்றார்கள். ஒரு முருங்கைக்காய் வாங்குவதற்கே பத்துக் கேள்வி கேட்கிற சனம் அது. ஒரே பேச்சில் சரி என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஏற்பாடு. நான் விடிந்ததும் அங்கே போய்க் குழாய்களை அடுக்கி, லேபிள் ஒட்டிக் காத்திருந்தேன். வேன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. எல்லோரும் குளித்து, திருநீறு பூசி, விசேஷத்துக்குப் போகிறவர்கள் போலக் களையாக இறங்கினார்கள். பட்டினி கிடந்த முகம் ஒன்றுகூட இல்லை. நான் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பெரியப்பா வயிற்றைத் தடவிக்கொண்டே, "பச்சத் தண்ணி பல்லுல படல தாயி" என்றார். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்காக வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கையெழுத்து வாங்கி, எடை உயரம் பார்த்து, நர்சம்மா ஊசியை எடுப்பதற்குள் பத்து மணியாகிவிட்டது. ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டுப் பிளாஸ்மாவைப் பிரித்தோம். வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். வந்தது கலங்கலாக, அரிசி களைந்த தண்ணீரில் மஞ்சளைக் கலந்த மாதிரி இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது, அது அம்மாவுடையது. கைடிடம் காட்டினேன். நாங்கள் இரண்டு பேருமே வேதியியல்காரர்கள். கரி எங்களுக்கு அத்துப்படி, ரத்தம் புதுசு. அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தியாப் போடுவாங்களோம்மா?" என்றார். இருக்கலாம் சார் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு மாதக் கணக்கில் வேலை. பிளாஸ்மாவில் கரித்துகளைக் கலந்து, ஊறவைத்து, திரும்பச் சுற்றி, கழுவி, ஒட்டியிருக்கிற புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால் நீலக் கோடுகளாகத் தெரியும். எந்தக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து அது என்ன புரதம் என்று சொல்லலாம். இதற்கு நடுவே தினமும் மின்வெட்டு. ஃப்ரீசரில் இருக்கிற பிளாஸ்மா உருகிவிடும் என்று சிம்மக்கல்லில் ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஒரு கண்டக்டர் தினமும் "என்னக்கா, இன்னைக்கு என்ன மீனு?" என்று கேட்பார். முதலில் சிரித்தேன். அப்புறம் அவர் வண்டி வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

கோடுகள் அழகாக வந்தன. கொழுப்பைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் திரிகிற புரதங்கள் உண்டு. அவைதான் துகளை மொய்த்துக்கொண்டிருந்தன. மாமாவுக்கும் அப்படி, பெரியப்பாவுக்கும் அப்படி, அத்தைகளுக்கும் அப்படி. அம்மாவுடைய ஜெல்லில் மட்டும் அந்தக் கோடுகள் மெலிந்து, வேறு புரதங்கள் தடித்து நின்றன. திரும்ப ஓட்டினேன், அப்படியேதான் வந்தது. இத்தனை பேரில் ஒருத்தருடையது சேராமல் போவது சகஜம், ரத்த மாதிரி எங்காவது கெட்டிருக்கும், அதை ஒதுக்கிவிடு என்றார் கைடு. காரணத்தை ஒரு வரியில் குறிப்பிட்டு ஒதுக்கினோம்.

அந்த வாரம் அம்மா போன் செய்தபோது, எல்லார் ரத்தமும் உதவியதா என்று கேட்டாள்.

"எல்லாருதும் ஒரே மாதிரி வந்திருக்கும்மா. உன்னோடதுதான் ஒத்து வரல. அதை மட்டும் எடுத்துட்டோம்."

"அப்பிடியா" என்றாள். அப்புறம் வழக்கம் போல, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கட்டுரையை அனுப்பினோம். பதில் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், வெறும் வயிற்று ரத்தத்தில் இவ்வளவு கொழுப்புப் புரதம் ஒட்டுவது நம்பும்படி இல்லை, வேறு ஆட்களை வைத்து மறுபடியும் செய்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். கைடு உடனே வீட்டுக்குப் போன் போட்டுச் சௌராஷ்டிரத்தில் நெடுநேரம் பேசினார். மறுவாரம் அவரே தம்பி பிள்ளைகள், மச்சினன் பிள்ளைகள் என்று சிலரைச் சேர்த்து, முதல் நாள் இரவே தன் வீட்டில் படுக்கவைத்தார். காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கும்போது பெருமையாகச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். சமையலறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "அவளை நம்ப முடியாதும்மா. பசங்க பசியோட போறாங்கன்னு நைட்டெல்லாம் அவ தூங்கலை."

நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன். படித்தவள் லட்சணம் அது.

அந்தப் பிள்ளைகளின் பிளாஸ்மா தெளிவாக இருந்தது. ஜெல்லில் கோடுகள் அப்படியே அம்மாவுடையதைப் போல வந்தன. என் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். இங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கத் தொடங்கியது. கரித்தூளை மாற்றினேன். உப்புக் கரைசலை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். சுற்றும்போது கரண்ட் போன மாதிரிகளை எல்லாம் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கைடுக்கோ வேறு யோசனை ஓடியது. உங்கள் பக்கத்துச் சனத்துக்கே ரத்தத்தில் ஏதாவது தனித்தன்மை இருக்கலாம், அது பெரிய கண்டுபிடிப்பு என்று கண்கள் மின்னச் சொன்னார். எங்கள் பக்கத்துச் சனத்தின் தனித்தன்மை எனக்குத் தெரியாததா? ஆனால் அது ரத்தத்தில் எப்படி வரும்? அம்மாவும் அதே சனம்தானே, அவளுக்கு மட்டும் ஏன் இல்லை? பிப்ரவரி போய்விட்டது. மே என்பது எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில் மாமா பேத்திக்குக் காதுகுத்து. கிடா வெட்டு. போகாமல் இருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மாமா, அம்மாவின் தம்பி, குழம்பு வாளியோடு வந்தார்.

"என்ன மருமகளே, குழம்பு எப்பிடி?"

"நல்லா இருக்கு மாமா."

"என்ன நல்லா இருக்கு! அன்னைக்கு ரத்தம் குடுக்கப் போகையில அக்கா வச்சிருந்துச்சே கறிக்கொழம்பு, அது கொழம்பு. இட்லிய முக்கி முக்கித் தின்னோம். எந்திரிக்கவே மனசில்ல, வேன்காரந்தான் ஆரன் அடிச்சு எழுப்புனான்."

என் பக்கத்தில் இருந்த அத்தை மாமாவின் காலில் நறுக்கென்று கிள்ளினாள். அவர் வாளியோடு அப்படியே நின்றார். பந்தியில் எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார்கள். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அம்மாவைத் தேடிப் போனேன். கொல்லையில் பாத்திரம் துலக்குகிற இடத்தில் இருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். திருப்பரங்குன்றத்தில் சின்ன அத்தை வீடு இருக்கிறது. முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்று வேனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா முதல் நாளே அங்கே வந்து தங்கி, விடியும் முன்பே இட்லியும் கறிக்குழம்பும் தயார் செய்திருக்கிறாள். பரிசோதனை நிலையத்து நர்சம்மாவுக்குக்கூட ஒரு தூக்குச்சட்டி போயிருக்கிறது.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!" என்று கத்தினேன்.

"சொன்ன. அவுகளும் எங்கிட்டக் கேட்டாக. சின்னப்புள்ள வெவரம் தெரியாமச் சொல்லுது, நீங்க சாப்ட்டுப் போங்க, கேட்டா இல்லன்னு சொல்லிருங்கன்னேன். பெறகு என்னடி? வந்த சனத்த வெறும் வயித்தோட ஊசியால குத்தி, ரத்தத்த எடுத்துக்கிட்டு அனுப்பச் சொல்றியா? எவளாச்சும் செய்வாளா அத? ஒருத்தரு மயங்கி விழுந்தா ஊரு யாரப் பேசும்? ஒன்னையத்தான பேசும்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்மா என்று பாராமல் வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். என் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்றேன். அவள் கை நிறையச் சாம்பலோடு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கைடிடம் சொன்னபோது வீட்டுக்குப் போன் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு மெதுவாக நிமிர்ந்தார். இதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்றார். சாப்பிட்ட ரத்தத்தில் போர்வை எப்படி, சாப்பிடாத ரத்தத்தில் எப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். உணவே போர்வையை மாற்றுகிறது என்பது சின்ன விஷயமா? மே மாதத்துக்குள் எழுதிவிடலாம். "ஆனா ஒண்ணும்மா. யார் என்ன சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க, அவங்கவங்க வாயால சொல்லணும். உங்க அம்மா சொன்னாங்கன்னு எழுத முடியாது." பிழைத்தேன் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளே ஊருக்கு பஸ் ஏறினேன். முதலில் பெரியப்பா வீடு. அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் பெரியப்பா என்று சிரித்த முகமாகக் கேட்டேன்.

"அன்னைக்கா? ஒண்ணுமே சாப்பிடலயே தாயி. பச்சத் தண்ணி பல்லுல படல."

"இல்ல பெரியப்பா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் கோபப்படல. சாப்பிட்டேன்னு சொன்னாத்தான் எனக்கு நல்லது."

"சாப்பிடாதத எப்பிடிச் சாப்ட்டேன்னு சொல்றது? வேணும்னா கோயில்ல வந்து சூடத்த அணைக்கிறேன்."

அத்தைகளும் அதே. சித்தப்பா, நான் இட்லியே சாப்பிடுவதில்லை என்றார். அவர் இட்லி சாப்பிட்டு நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடைசியாக மாமா. பந்தியில் வாளியோடு நின்று அத்தனையும் சொன்ன மனிதர், அன்றைக்கு விசேஷ வீட்டில் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன் மருமகளே என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உண்மையைச் சொல்லுங்கள், என் மூன்று வருஷ உழைப்பு உங்கள் வாயில் இருக்கிறது என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அவர்கள் உறுதியாகிக்கொண்டே போனார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. காதுகுத்து முடிந்த அன்றே அம்மா எல்லோர் வீட்டுக்கும் ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கிறாள். யாரும் வாயைத் திறந்துவிடாதீர்கள், சாப்பிட்டது வெளியே தெரிந்தால் பிள்ளை படிப்பு போய்விடும்.

என்னைக் காப்பாற்றுகிறார்களாம். ஒரு ஊரே கூடி நின்று காப்பாற்றி என்னைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. யாரிடம் போய்க் கோபப்படுவது? ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், இளைத்துப் போய்விட்டாயே என்று கன்னத்தைத் தடவினார்கள். நான் கேட்ட ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். கத்துவதற்குத் தெம்பில்லை.

"நீயாவது உண்மையைச் சொல்லும்மா. உன் ரத்தம் மட்டும் ஏன் வேற மாதிரி இருந்துச்சு? நீ என்ன சாப்பிட்ட?"

"நான் எங்கடி சாப்ட்டேன். அம்புட்டுப் பேருக்கும் ஊத்திக் குடுக்கவே நேரம் சரியாப்போச்சு. வேன்காரன் வேற அவசரப்படுத்துனான். கரண்டியப் போட்டுட்டு அப்பிடியே ஏறிட்டேன்."

"அதுக்கு முதநா ராத்திரி?"

"மாவு ஆட்டுனது, கறி அரிஞ்சது, எல்லாத்துக்கும் எங்க நேரம் இருந்துச்சு? ஒரு வா தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துட்டேன்."

அப்படியானால், நான் சொன்ன விதியை அந்த வேனில் அப்படியே கடைப்பிடித்தவள் அம்மா ஒருத்திதான். அதை அத்தனை பேரையும் மீறவைத்தவளும் அவள்தான். அவளுடையதைத்தான் நாங்கள் தப்பு என்று எடுத்து ஒதுக்கினோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. எல்லோருக்கும் ஊற்றிய குழம்பில் இரண்டு இட்லியைத் தொட்டு இவள் சாப்பிட்டிருந்தால் என்ன? பசியோடு நின்று பரிமாறுகிற இந்தப் பழக்கத்தை எவன் கண்டுபிடித்தான்? அதையும் சேர்த்து அவளைத் திட்டத்தான் தோன்றியது. திட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கைடு வீட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து எழுத ஆள் போதாது, புதிதாக ஆள் பிடித்துச் சோறு போட்டு முதலிலிருந்து செய்ய நாளும் இல்லை. மே முடிந்தது. கைடுக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். போகும்போது என் தலையில் கை வைத்து, "உண்மையை எழுத விட மாட்டேங்கிறாங்களேம்மா" என்றார். எனக்குச் சாயப்பட்டறைக் கழிவுநீர் ஒதுக்கப்பட்டது. அதில் பட்டம் வாங்க மேலும் பல வருஷங்கள் ஆயின. கரித்துகளுக்கும் எனக்கும் இருந்த பந்தம் அந்த ஜூன் மாதத்தோடு அறுந்தது.

அந்த ஜூனில்தான் ஊருக்குப் போயிருந்தேன். மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா கடைசியாகத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் மகள், மூன்று வயதுக் குழந்தை, ஓடி வந்து மடியில் ஏறி ஒரு வாய் கேட்டது. எப்போதும் கையால் உருட்டி ஊட்டுகிறவள்தான் அம்மா. அன்றைக்கு, "அங்கன கரண்டி இருக்கு, எடுத்தா. ஒனக்கு வேற தட்டுல போட்டுத் தாரேன்" என்றாள். குழந்தை சிணுங்கியது. அண்ணியிடம் என்ன என்று கேட்டேன். போன மழைக்காலத்திலிருந்தே அத்தை அப்படித்தான், யாருக்கும் ஊட்டுவதில்லை, தட்டும் டம்ளரும் தனியாக வைத்துக்கொள்கிறார்கள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்றாள் அண்ணி.

அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எதற்கு இது என்று கேட்டேன்.

"ரத்தத்துல கோளாறு இருக்குறவ, எச்சிக்கையால புள்ளைக்கு ஊட்டலாமா?"

"யாரு சொன்னா கோளாறுன்னு?"

"நீதானடி சொன்ன. எல்லாருதும் ஒண்ணா இருக்கு, ஒன்னோடதுதான் ஒத்து வரலன்னு. எடுத்து வீசிட்டோம்னு."

தலையில் அடித்துக்கொண்டு விளக்கினேன். கரி, புரதம், கொழுப்பு, இட்லி, கறிக்குழம்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். உன் ரத்தம்தான் சரியான ரத்தம், மற்றவர்களுடையதுதான் தப்பு, நாங்கள்தான் தெரியாமல் மாற்றிச் செய்துவிட்டோம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இடையிடையே உம் கொட்டினாள். முடித்ததும் என் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள்.

"மனசு நோகக் கூடாதுன்னு பேசுற பேச்சு எனக்குத் தெரியாதா ஆத்தா? இந்த வீட்டுக்கு அதச் சொல்லிக் குடுத்தவளே நாந்தான்."

சொல்லிவிட்டுக் குழந்தையின் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.